மகள் சாஃப்ட்பால் எப்படி ஆடுகிறாள்? எடைபோடும் வரிசை, படிப்படியாக

அமெரிக்காவில் டிராவல் அணிகளுக்கான (ஊர் ஊராகப் போய்ப் போட்டிகளில் ஆடும், தேர்ந்தெடுத்த பிள்ளைகளின் அணிகள்) டிரைஅவுட், அதாவது ஆள் தேர்வு, பெரும்பாலும் கோடை ஆட்டங்கள் முடிந்த கையோடு, ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். யாரும் சேரக்கூடிய உள்ளூர் ரெக் லீகில் நன்றாக அடித்த பெண் அங்கே தேர்வாகாமல் திரும்பி வருவாள். "கோச் தன் மகளுக்கு வேண்டியவர்களைத்தான் எடுத்தார்" என்று காரிலேயே பேச்சு தொடங்கிவிடும். சில சமயம் அது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் பெற்றோர் பார்த்தது ஒன்று, கோச் பார்த்தது வேறு. பெற்றோர் அடியைப் பார்க்கிறார்கள். கோச் எறிவதைப் பார்க்கிறார்.

ஃபாஸ்ட்பிட்ச் (கீழ்க்கையில் வேகமாகப் பந்து வீசும் சாஃப்ட்பால்) ஆடும் 9 முதல் 14 வயதுப் பெண்களின் பெற்றோருக்காகவும், "ஒரு கை குறைகிறது, வாங்களேன்" என்று லீக் கூப்பிட்டதால் கோச் ஆகிவிட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். வரிசை மாறினால் மதிப்பெண்ணும் மாறிவிடும்.

1. எந்தப் பிரிவு, அதில் எத்தனையாவது வருடம்?

10 வயதுக்கு உட்பட்ட பிரிவை எல்லோரும் 10யூ என்பார்கள். அதில் 11 அங்குலச் சுற்றளவுப் பந்து, பிட்சர் (பந்து வீசுபவள்) நிற்பது பேட்டர் அடிக்கும் ஹோம் பிளேட்டிலிருந்து வழக்கமாக 35 அடியில். 12யூவில் பந்து 12 அங்குலம், தூரம் 40 அடி. 14யூவில் அதே பந்து, 43 அடி. பேஸ்களுக்கு (ஓடுகிறவள் மிதித்துப் போக வேண்டிய இடங்கள்) நடுவே மூன்று பிரிவிலும் 60 அடிதான். உள்ளூர் ரெக் லீகில் சின்ன மாற்றங்கள் இருக்கலாம், விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 10யூவிலிருந்து 12யூவுக்குப் போகும் பெண்ணுக்குப் பந்தும் பெரிதாகிறது, பிட்சிங் தூரமும் கூடுகிறது. போன சீசனில் குறி தவறாமல் எறிந்தவள் இப்போது பந்தை விரல்களுக்குள் அடக்க முடியாமல் தடுமாறுவாள். திறமை எங்கும் போய்விடவில்லை, கை இன்னும் பந்துக்குப் பழகவில்லை.

பிட்சருக்கும் கணக்கு மாறும். 35 அடியில் மணிக்கு 40 மைல் வேகத்தில் வரும் பந்தும், 40 அடியில் 45 மைலில் வருவதும், 43 அடியில் 49 மைலில் வருவதும் பேட்டருக்கு விடும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்: 0.6 நொடி. பிரிவு மாறியும் வேகம் அப்படியே இருந்தால், அவளுடைய பந்து எதிரில் நிற்பவளுக்கு முன்பைவிட எளிதாகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது வயது. ஒவ்வொரு பிரிவும் இரண்டு வருட அகலம். முதல் வருடக்காரிக்கும் இரண்டாம் வருடக்காரிக்கும் கிட்டத்தட்ட 24 மாத இடைவெளிகூட இருக்கலாம். பெண் பிள்ளைகள் சட்டென்று உயரும் காலம் சராசரியாக 12 வயதை ஒட்டி வரும். ஒருத்திக்கு அது 10 வயதில் வரும், இன்னொருத்திக்கு 13 ஆகும். அதனால் உயரம் நம்மை அதிகம் ஏமாற்றுவது 12யூவில்தான். தாளின் பின்பக்கத்தில் 'முதல் வருடம்' அல்லது 'இரண்டாம் வருடம்' என்று எழுதிவையுங்கள். மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் தாளைத் திருப்ப வேண்டும்.

2. களத்தில் இறங்குமுன் தயாராக வேண்டியவை

ஸ்டாப்வாட்ச் (போனே போதும்), அளவு நாடா, அந்தப் பிரிவுக்குரிய பந்துகள் இரண்டு டஜன், ஒரு டீ (பந்தை வைத்து அடிக்கும் தாங்கி), ஒரு வலை, கூம்புகள், முதுகில் ஒட்ட எண் ஸ்டிக்கர்கள், தாள், பென்சில். பேனா வேண்டாம், காலைப் பனியில் தாள் நனைந்தால் எழுதியது ஊறிவிடும்.

பெயருக்குப் பதில் எண் எதற்கு என்றால், பெயரைப் பார்த்ததுமே "ஓ, இவள் அக்காவும் நன்றாக ஆடுவாளே" என்று மனசு ஓட ஆரம்பிக்கும். எண்ணுக்கு அக்கா கிடையாது.

ஒவ்வொரு பிள்ளையையும் குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தன் மகளுக்குத் தானே மதிப்பெண் போடக் கூடாது. ரெக் லீகில் இது இன்னும் முக்கியம். பல லீக்குகளில் கோச்சுகள் சுற்றுக்கு ஒருத்தியாகப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். கோச்சின் மகள் அவர் அணிக்கே போவாள், அவளுடைய மதிப்பெண்ணை வைத்துத்தான் எந்தச் சுற்றில் அவளைக் கணக்கு வைப்பது என்று முடிவாகும். மதிப்பெண் குறைந்தால் அவள் பின்சுற்றில்தான் கணக்காவாள், முன்சுற்றில் வேறொரு நல்ல பெண்ணை எடுக்கலாம், அப்பாவுக்கு லாபம். கூடுதலாகப் போடும் அப்பாக்கள் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

1 முதல் 5 வரை மதிப்பெண் வைத்தால், ஒவ்வொரு எண்ணுக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விளக்கம் எழுதுங்கள். எறிதலுக்கு உதாரணமாக: 1 என்றால் பந்து 40 அடி போகவில்லை. 3 என்றால் 60 அடி போகிறது, பத்தில் ஆறு முறை பிடிக்கக்கூடிய இடத்தில் விழுகிறது. 5 என்றால் 60 அடிக்குமேல் நேர்கோட்டில், பத்தில் ஒன்பது. 'சுமார்', 'நன்று' என்று எழுதினால் என் சுமாரும் உங்கள் சுமாரும் ஒன்றாக இராது.

3. முதலில் எறிதல், அதுவும் வார்ம்-அப்பிலேயே

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். பெரும்பாலான பெற்றோர் காபிக் கோப்பையோடு நாற்காலியை விரித்து உட்காரும்போது வார்ம்-அப் முடிந்திருக்கும். அனுபவமுள்ள கோச்சின் தாளில் அதற்குள் பாதி எண்கள் நிரம்பியிருக்கும்.

ஏன் எறிதல்? பேஸ் 60 அடிதான், ஓடுகிறவள் மூன்று நொடி சொச்சத்தில் வந்துவிடுவாள். அதற்குள் தரையில் வரும் பந்தைக் குனிந்து எடுத்து, நிமிர்ந்து, எறிந்து முடிக்க வேண்டும். எறியத் தெரிந்தவளை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். தெரியாதவளுக்கு இடம் தேடித்தான் நிறுத்த வேண்டும். மட்டை வீச்சை ஒரு குளிர்காலம் பயிற்சிக் கூண்டுக்குள் நின்று திருத்திவிடலாம். தப்பாகப் பழகிய எறிதலைத் திருத்த அதைவிட நெடுநாள் ஆகும்.

பார்க்க வேண்டிய வரிசை: கால், தோள், முழங்கை, பந்து. எறியும் கைக்கு எதிர்ப்பக்கக் கால் இலக்கை நோக்கி அடி வைக்கிறதா? உடம்பு பக்கவாட்டில் திரும்பி, முன்தோள் இலக்கைக் காட்டுகிறதா? முழங்கை தோள் உயரத்துக்கு வருகிறதா, தொங்கிப்போய்ப் பந்தைத் தள்ளுகிறாளா? கடைசியாகப் பந்தின் தையலைப் பாருங்கள். தையல் மேலிருந்து கீழாக நேராகச் சுழன்றால் கை சரியாக வந்திருக்கிறது. சாய்ந்து சுழன்றால் பந்து போகப் போக ஒரு பக்கம் விலகும், பேஸில் காத்திருப்பவளை ஓடுபாதைக்குள் இழுத்துவிடும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இங்கே ஒரு பழக்கம் குறுக்கே வரும். ஓடிவந்து பக்கவாட்டில் கையைச் சுழற்றி ஸ்டம்பை நோக்கி விடும் எறிதல் நம் கண்ணுக்கு அழகு. பக்கத்தில் இருக்கும் பேஸுக்கு அது பரவாயில்லை. மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு 84 அடி 10 அங்குலம். அந்தத் தூரத்துக்கு அப்படி எறிந்தால் பந்து வளைந்துபோகும்.

தொடர்ந்து பத்து எறிதல்களை எண்ணுங்கள். இடுப்புக்கும் தலைக்கும் நடுவே எத்தனை போயின? ஒரே ஒரு பலமான எறிதலைப் பார்த்து மயங்கி 5 போடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. ஆட்டத்தில் அணியைக் காப்பாற்றுவது பத்தில் எட்டு.

4. பந்தை எடுத்தல்: கையைப் பார்க்குமுன் காலைப் பாருங்கள்

தரைப்பந்தை மட்டையால் அடித்துக் கொடுக்காதீர்கள், கையால் உருட்டுங்கள். மட்டையால் அடித்தால் ஒருத்திக்கு மெதுவாக வரும், அடுத்தவளுக்குக் கல்லில் பட்டு எகிறும். உருட்டினால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பந்து. அடிப்பது கோச்சுக்குப் பெருமை, ஆனால் ஒப்பிட உதவாது.

ஒவ்வொருவருக்கும் ஆறு: நேராக இரண்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அவள் ஓடிவந்து எடுக்க வேண்டிய மெதுவான பந்து இரண்டு. கடைசி இரண்டும் ரொம்ப முக்கியம். நின்ற இடத்திலேயே காத்திருப்பவளையும் பந்தை நோக்கிப் போகிறவளையும் அவை பிரித்துக் காட்டும்.

பந்து கையை விட்டுப் புறப்படும் கணத்தில் அவள் கால் எப்படி இருக்கிறது? குதிகால் ஊன்றி நிமிர்ந்து நின்றால் முதல் அடி தாமதமாகும். கிளவ் முன்கூட்டியே தரையைத் தொட்டிருக்கிறதா? கிளவ் கீழிருந்து மேலே எழலாம், அது எளிது. மேலிருந்து கீழே இறங்கும்போதுதான் பந்து காலிடுக்கில் நழுவும்.

முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா என்பதைத் தனிக்கட்டத்தில் குறியுங்கள், எடுக்கும் மதிப்பெண்ணில் கழிக்காதீர்கள். பயம் வேறு, திறமை வேறு. முகக்கவசம் போட்டு, மெதுவான பந்தில் சில வாரம் பழகினாலே பல பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகும். கால் வேலை அவ்வளவு சீக்கிரம் வராது.

உயரப்பந்துக்கு முதல் அடி மட்டும் போதும். தலைக்குமேல் போகிற பந்துக்கு முன்னால் ஓடிவந்து, பிறகு பதறிப் பின்வாங்கினால் கணிப்பு இன்னும் வரவில்லை. பின்காலை எடுத்துத் திரும்பி ஓடியவள் பந்தைத் தவறவிட்டாலும் மதிப்பெண் கொடுங்கள்.

5. ஓட்டம்

பேட்டில் பந்து பட்ட கணத்திலிருந்து முதல் பேஸை மிதிக்கும் வரை நேரம் எடுங்கள். இரண்டு முயற்சி, நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைப் பள்ளி வயதில் 3 நொடியை ஒட்டி ஓடினால் வேகக்காரிதான். சின்னவர்களை அன்று வந்தவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

0.2 நொடி வித்தியாசம் என்றால் மூன்று, நான்கு அடி; அவுட்டா இல்லையா என்று முடிவு செய்யும் தூரம். ஆனால் கையால் நேரம் எடுப்பதில் 0.1 அப்படி இப்படி ஆகத்தான் செய்யும். 3.42 பெரிதா, 3.45 பெரிதா என்று சண்டை போடாதீர்கள்.

6. மட்டை: டீ, தூக்கிப் போடும் பந்து, அப்புறம்தான் பிட்சர்

டீயில் வைத்த பந்து அசையாது, அதனால் வீச்சு மட்டும் தெரியும். முன்னாலிருந்து கீழ்க்கையில் தூக்கிப் போடும் பந்தில் நேரம் பிடிக்கத் தெரிகிறதா என்று பார்க்கலாம். நிஜ பிட்சரிடம் கண் வேலை தெரியும், எதை அடிப்பது, எதை விடுவது என்று. நேரே பிட்சரிடம் நிறுத்தினால், பந்து தாறுமாறாக வரும் நாளில் பாவம், அந்தப் பெண்ணுக்கு இரண்டு வீச்சுகூடக் கிடைக்காது.

பந்து எங்கே போய் விழுந்தது என்று பார்க்காமல் எப்படிப் போனது என்று பாருங்கள். ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவள்) கிளவுக்குள் நேராகப் பாய்ந்த பந்துக்கு, தலைக்குமேல் சோம்பலாக எழும்பி யாருமில்லாத இடத்தில் விழுந்ததைவிட மதிப்பு கூட. ஸ்கோர் புத்தகத்தில் முதலாவது அவுட், இரண்டாவது ஹிட் (அடித்துவிட்டு பேஸைச் சேர்ந்த கணக்கு).

எல்லோருக்கும் ஒரே மாதிரி மட்டையைக் கொடுங்கள். விலையுயர்ந்த காம்போசிட் (இழைகளால் ஆன) மட்டை கூடுதலாகத் தள்ளிவிடும் தூரத்தையும் நாம் பிள்ளையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

வீட்டில் அப்பாவோடு கிரிக்கெட் ஆடும் பெண்களை அடையாளம் காண்பது எளிது. முன்முழங்கை உயர்ந்திருக்கும், பந்தைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு நேர்மட்டையால் தொடுவார்கள், அடித்ததும் மட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். இதற்கெல்லாம் மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். பந்தைக் கண்ணால் கடைசி வரை பின்தொடரும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இடுப்பைத் திருப்பி அடிப்பதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

7. பிட்சரும் கேட்சரும் தனித்தாளில்

பிட்சரை 20 பந்து போடச் சொல்லி, ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து) எத்தனை என்று எண்ணுங்கள். 12க்கு மேல் போனால் ஆட்டத்தில் நிறுத்தலாம். ரேடார் இருந்தால் வேகத்தையும் குறியுங்கள், ஆனால் எண்ணிய பிறகு. வேக எண்ணை முதலில் பார்த்தவர் கண்ணுக்கு எல்லாப் பந்தும் ஸ்ட்ரைக்காகத் தெரியும்.

10யூவில் வேகம் மட்டுமே போதும், எதிரில் இருப்பவர்கள் பயந்தே அவுட் ஆவார்கள். 12யூ இரண்டாம் வருடத்தில் பேட்டர்கள் அந்த வேகத்துக்குப் பழகிவிடுவார்கள். அப்போது உதவுவது ஒவ்வொரு பந்துக்கும் அதே அசைவைத் திரும்பச் செய்யும் திறன். அவள் முன்கால் இறங்கிய தடம் மண்ணில் இருக்கும், போய்ப் பாருங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தால் அசைவு நிலையாக இருக்கிறது. இடமும் வலமுமாகச் சிதறியிருந்தால் அன்றைய ஸ்ட்ரைக் எண்ணிக்கை அதிர்ஷ்டம்.

கேட்சருக்கு (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிட்சரின் பந்தைப் பிடிப்பவள்), பந்து கிளவில் விழுந்ததிலிருந்து இரண்டாம் பேஸில் பிடிக்கும் வரை நேரம் எடுப்பது வழக்கம். சின்ன வயதில் அதைவிட முக்கியம், தரையில் குதித்து வரும் பந்தை உடம்பால் மறிக்கிறாளா என்பது. அந்தக் கவசத்தையெல்லாம் மாட்டிக்கொண்டு ஜூலை வெயிலில் உட்கார ஆசைப்படும் பிள்ளைகள் குறைவு. தானாகக் கை தூக்குகிறவளுக்கு நான் அரை மதிப்பெண் கூடுதலாகப் போடுவேன், அது நியாயமா என்று கேட்டால் அணிக்குத் தேவை என்பதுதான் பதில்.

8. ஆட்டத்தில்: பந்து இல்லாத இடத்தைப் பாருங்கள்

டிரைஅவுட் தாள் பாதிதான். மீதி ஆட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஸ்கோரில் இல்லை.

ஸ்கோர் பதியும் கேம்சேஞ்சர் செயலி போனில் காட்டும் பேட்டிங் சராசரியைப் பெற்றோர் பரீட்சை மதிப்பெண் போலப் பார்க்கிறார்கள். 30 முறை பேட் செய்து 9 ஹிட் என்றால் .300. இரண்டு மொக்கைப் பந்து யாருமில்லாத இடத்தில் விழுந்திருந்தால் .367. இரண்டு நல்ல அடி நேராகக் கைக்குப் போயிருந்தால் .233. அதே பெண், அதே மட்டைவீச்சு. போதாததற்கு, எது ஹிட், எது எதிரணியின் தவறு என்று முடிவு செய்து போனைத் தட்டுபவரும் யாரோ ஒரு அம்மாவோ அப்பாவோதான்.

நீங்களே எண்ணுவதானால் இவற்றை எண்ணுங்கள்: பலமாகப் பட்ட அடிகள், ஸ்ட்ரைக் அல்லாத பந்தை அடிக்காமல் விட்டது, ஆறு பந்துக்குமேல் தாக்குப்பிடித்த முறைகள். எதிரணியின் தவறு இவற்றை மாற்றாது.

அப்புறம், ஒரு இன்னிங்ஸ் முழுக்கப் பந்தைப் பார்க்காமல் ரைட் ஃபீல்டில் (முதல் பேஸுக்குப் பின்னால் உள்ள வெளிக்களம்) நிற்பவளை மட்டும் பாருங்கள். ஷார்ட்ஸ்டாப் தரைப்பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிகிறாள். அந்த எறிதல் தவறினால் பந்து போகப்போவது ரைட் ஃபீல்டின் ஓரத்துக்கு. அவள் எறிதலுக்கு முன்பே அங்கே ஓடிக்கொண்டிருக்கிறாளா? பத்தில் ஒன்பது முறை எறிதல் சரியாகப் போய்விடும், அவள் சும்மா ஓடித் திரும்புவாள். யாரும் கைதட்டுவதில்லை. அடுத்த பந்துக்கும் ஓடுகிறாளா என்பதைத்தான் கோச் குறித்துக்கொள்கிறார். நம் கண்ணோ பந்தோடு ஷார்ட்ஸ்டாப்பிடமே நின்றுவிடுகிறது.

9. வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

நிற்கும் இடத்தை வைத்துத் தரம் போடுவது. ரெக் லீகில் ரைட் ஃபீல்ட் என்றால் "கடைசியில் போட்டுட்டாங்க" என்று முகம் வாடும். 14யூவுக்கு மேல் அங்கிருந்து முதல் பேஸுக்கே எறிந்து பேட்டரை அவுட்டாக்கும் பெண்கள் உண்டு.

தனிப்பயிற்சி கொடுப்பவரின் பாராட்டை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது. அவர் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர் ஒப்பிடுவது போன மாத உங்கள் மகளோடு, டிரைஅவுட் கோச் ஒப்பிடுவது அன்று வந்த மற்றவர்களோடு.

அப்புறம் டாடி பால், கோச் தன் மகளை முன்னே தள்ளுவது. இருக்கிறதா என்றால் இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரே தவறுக்கு ஒரே விளைவா என்று நாலைந்து ஆட்டம் கவனியுங்கள். வேறொரு பெண் இரண்டு வாக் (நான்கு தவறான பந்து போட்டு பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு விடுவது) கொடுத்ததும் பிட்சர் மாறுகிறார், கோச்சின் மகள் ஐந்து கொடுத்தும் மாறவில்லை என்றால், சந்தேகம் சரிதான். ஆனால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோச்சின் மகள் தினமும் மாலையில் வீட்டு வாசலில் அப்பாவோடு பந்து எறிகிறாள். 11 வயதுக்குள் அவள் உண்மையிலேயே மற்றவர்களைவிட நன்றாக எறிவதில் ஆச்சரியமில்லை.

10. தாளை வைத்து என்ன செய்வது

கோச்சிடம் பேச வேண்டுமானால் ஆட்டம் முடிந்து ஒரு நாள் போகட்டும். பல டிராவல் அணிகளில் 24 மணி நேரம் என்று விதியாகவே வைத்திருக்கிறார்கள். "ஏன் அவளை உட்கார வைத்தீர்கள்?" என்று கேட்டால் கோச் தன் முடிவுக்குக் காரணம் சொல்வார். "ஷார்ட்ஸ்டாப்பில் நிற்க அவளுக்கு என்ன வர வேண்டும்?" என்று கேட்டால் வேலை சொல்வார். முடிந்தால் இதை மகளையே கேட்க விடுங்கள். 12 வயதுக்குமேல் பல கோச்சுகள் அதைத்தான் விரும்புகிறார்கள்.

காரில் வரும்போது மதிப்பெண் பேச்சு வேண்டாம். அவளுக்குப் பசிக்கும்.

எட்டு, பத்து வாரம் கழித்து அதே தூரம், அதே பந்து, அதே எண்ணிக்கையில் திரும்ப எடுங்கள். அவள் பழைய தாளோடு மட்டும் ஒப்பிடுங்கள். எறிதலில் பத்துக்கு ஆறு எட்டாகியிருக்கிறதா? இடையில் உயரம் கூடியிருந்தால் ஓட்டமும் எறிதலும் கொஞ்சநாள் கலைந்திருக்கும், அதையும் தாளில் எழுதுங்கள்.

அணி தேடுவதானால், கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை: மொத்தம் எத்தனை பேர், அவர்களில் பிட்சர் எத்தனை, கேட்சர் எத்தனை, ஞாயிற்றுக்கிழமை நாக்-அவுட் ஆட்டங்களில் எல்லோரும் ஆடுவார்களா? களத்தில் நிற்பது ஒன்பது பேர். 13 பேர் அணியில் உங்கள் மகளின் தாள் பன்னிரண்டாவது இடத்தில் இருந்தால், வார இறுதியில் பெரும்பாலும் டக்அவுட் பெஞ்சில்தான் இருப்பாள். ஒரு படி கீழே உள்ள அணியில் அவள் ஒவ்வொரு இன்னிங்ஸும் ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கலாம். இரண்டு கோச்சுகளிடமும் பதில் வாங்கிக்கொண்டு, சம்மதம் சொல்ல இரண்டு நாள் கேளுங்கள். அன்றே முடிவு சொல்லச் சொல்லும் அணிகள் உண்டு. அப்படி அவசரப்படுத்தினால் எத்தனை பேருக்கு அழைப்பு போயிருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.